கம்பளியைக் கழற்றாத கடா

எபிரேயர் என்கிற யூத ஜனங்கள் வாழ்ந்த மலைநாட்டில், ஒரு காட்டில், அந்த வருஷக் கோடையில் யாரும் உரக்கத் தும்மக்கூட மாட்டார்கள். தும்மல் வந்தால் மூக்கைப் புல்லுக்குள் புதைத்துக்கொள்வார்கள். அவ்வளவு பயம்.

பயத்துக்குக் காரணம் ஒரு சிறுத்தை. அதற்குக் கண் தெரியாது. கண் தெரியாத சிறுத்தைக்கா இவ்வளவு பயம் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. முள்ளம்பன்றியிடம் வம்புக்குப் போய் அது கண்ணைத்தான் பறிகொடுத்தது. மூக்கைப் பறிகொடுக்கவில்லை.

மழை பொய்த்து ஓடையெல்லாம் வற்றிய பிறகு, காட்டில் ஒரே ஓர் ஊற்றுதான் மிச்சம். அது இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே, குறுகலான சந்துக்குள் இருந்தது. சந்தின் வாயில் ஒரு மேடு. சிறுத்தை அந்த மேட்டில் ஏறிப் படுத்துக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்றால் அதன் தாடைக்குக் கீழே நடந்துதான் போக வேண்டும்.

காலையிலும் மாலையிலும் சிறுத்தை எழுந்து நின்று நாலு பக்கமும் மோப்பம் பிடிக்கும். உச்சி வெயிலில் மட்டும் கொஞ்சம் அசந்து படுத்திருக்கும். தண்ணீர் பாறையில் விழும் இரைச்சலில் காலடிச் சத்தம் அதற்குக் கேட்காது. சாரலில் உடம்பு வாசனையும் அமுங்கிவிடும். அமுங்காதது ஒன்றே ஒன்று. வேர்வை.

உச்சி வெயிலில் நடந்து வந்து, பயத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிற உயிர் வேர்க்காமல் என்ன செய்யும்? சிறுத்தை படுத்தபடியே, தூங்கி எழுந்த குரலில் கேட்கும்.

“யார் அங்கே வேர்த்துக்கொண்டு நிற்பது?”

வெளியே புதருக்குள் காத்திருக்கிறவர்களுக்கு அந்தக் குரல் கேட்கும். அதற்குப் பிறகு எதுவும் கேட்காது. முயல் அப்படித்தான் போனது. மான் அப்படித்தான் போனது. வேகமாக ஓடிவிடலாம் என்று நினைத்த காட்டுக்கழுதையும் அப்படித்தான் போனது.

அந்தக் காட்டில் மில்காள் என்று ஒரு குழிமுயல் இருந்தாள். குழிமுயல் என்பது பாறை இடுக்கில் குடியிருக்கும் சின்னப் பிராணி. வால்கூடக் கிடையாது. மில்காளுக்கு மூன்று குட்டிகள். கடைசிக் குட்டி அன்று காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை. மில்காள் அதன் வாயை நக்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவள் நாக்கிலும் ஈரம் இல்லை.

அவள் எழுந்து, எல்லாரும் ஒளிந்திருந்த புதருக்கு வந்தாள். முதுகில் ஒரு வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

“ஊற்றுக்கு நான் போகிறேன். சுரைக்குடுக்கையை என் கழுத்தில் கட்டிவிடுங்கள்” என்றாள்.

நரி அந்தத் துணியைப் பார்த்ததும் பின்வாங்கியது.

“ஐயையோ, மில்காள் அக்கா! அதை எங்கே பிடித்தீர்கள்? ஊர்க்காரர்கள் செத்தவர்களுக்கு உடுத்தி அனுப்புவார்களே, அந்தத் துணி அல்லவா இது? பாருங்கள், ஒரு பைகூட இல்லை. போகிறவர் எதையும் கொண்டு போவதில்லை என்று பை வைக்காமல் தைப்பார்கள்.”

“முள்செடியில் மாட்டிக் கிடந்தது” என்றாள் மில்காள். “பஞ்சம் பிழைக்க ஊரைக் காலி செய்து போனார்கள் அல்லவா, அப்போது விழுந்தது. இது செத்தவர்களுக்கு மட்டும் உடுத்துகிற துணி இல்லை, தம்பி. கோவிலில் பூசை செய்கிற ஆசாரியர் வீட்டுக்குப் பின்பாறையில்தான் என் வீடு. அவர் துணி துவைத்துக் காயப்போடுவதை நான் தினமும் பார்த்தவள். பரிசுத்தமான இடத்துக்குள் போகும்போது அவர்கள் லினன் அங்கி, லினன் தலைப்பாகை என்று லினன்தான் உடுத்துவார்கள். வேர்க்க வைக்கிற எதையும் போட்டுக்கொண்டு உள்ளே கால் வைக்க மாட்டார்கள்.”

ஆளிவிதை உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறதா, பிள்ளைகளே? அந்தச் செடியின் தண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து, நார் எடுத்து, நூற்று நெய்வதுதான் லினன். உடம்பில் ஒட்டாது. காற்றை உள்ளே விடும். வேர்வையைக் குடித்துவிட்டுச் சட்டென்று உலர்ந்துவிடும்.

“செத்தவருக்கும் இதுதான், ஆசாரியருக்கும் இதுதான்” என்றது நரி. “நீங்கள் எந்தப் பக்கம், அக்கா?”

“போய்ப் பார்த்தால்தான் தெரியும்” என்றாள் மில்காள். துணியை மடித்து, உடம்பைச் சுற்றி, நாணற்புல்லால் இடுப்பில் கட்டிக்கொண்டாள். பாக்கித் துணி பின்னால் தரையில் இழுபட்டது.

புதரின் ஓரத்தில் யோராம் என்ற செம்மறிக்கடா நின்றிருந்தான். மந்தைக்குத் தலைவன். காட்டிலேயே அடர்த்தியான கம்பளி அவனுடையது. அதை யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதே அவனுக்கு வேலை.

“கந்தலைச் சுற்றிக்கொண்டு போகிறாள்” என்று தன் மனைவி சில்பாளிடம் சொன்னான். “சாவதென்றாலும் ஒரு லட்சணம் வேண்டாமா?” சில்பாளும் கொஞ்சம் சிரித்தாள். அவளுடைய குட்டி சிரிக்கவில்லை. அதற்கும் நாக்கு ஒட்டிப்போயிருந்தது.

மில்காள் சந்துக்குள் நுழைந்தாள்.

மேட்டிலிருந்து சிறுத்தையின் முன்னங்கால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நகங்கள் மில்காளின் காதுக்கு எட்டுகிற உயரத்தில் இருந்தன. அவள் நெஞ்சு படபடத்த சத்தம் அவளுக்கே கேட்டது. வேர்க்கத்தான் வேர்த்தது. ஆனால் வேர்த்ததையெல்லாம் துணி குடித்தது. சந்தில் வீசிய காற்று துணியை உலர்த்தியது. தோல் குளிர்ந்தது. தோல் குளிர்ந்ததும் பயமும் ஒரு சொட்டுக் குறைந்தது.

சிறுத்தை மூக்கை விடைத்து, காற்றை இழுத்துப் பார்த்தது.

“இன்றைக்கும் யாரும் இல்லையா?” என்று தனக்குத்தானே முனகியது. “எல்லாருமே செத்துத் தொலைந்தார்களா?”

மில்காள் அந்த மூச்சுக் காற்றைக் கடந்து போனாள். குடுக்கையை நிரப்பினாள். திரும்பவும் அந்த நகங்களுக்குக் கீழே நடந்து வெளியே வந்தாள். புதருக்கு வந்து சேர்ந்ததும் கால் மடிந்து விழுந்துவிட்டாள். குடுக்கையை மட்டும் விழவிடவில்லை.

கடைசிக் குட்டியின் வாயில் தண்ணீர் விட்டார்கள். முதலில் கடைவாயில் வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. குட்டி கண்ணைத் திறந்து, “இன்னும்” என்றது. நரி திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒருவர் அந்த லினன் அங்கியை உடுத்திக்கொண்டு உச்சி வெயிலில் போவது, எல்லாருக்கும் தண்ணீர் கொண்டு வருவது. மில்காள் ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்.

“லினனுக்கு அடியில் கம்பளி கூடாது. இந்த ஊர் ஜனங்கள் கம்பளியும் உடுத்துவார்கள், லினனும் உடுத்துவார்கள். ஆனால் இரண்டையும் கலந்து உடுத்தவே மாட்டார்கள். அவர்களுக்கு அது சட்டம். நமக்கு அது உயிர். அடர்ந்த மயிர் உள்ளவர்கள் எலிகளிடம் போய்க் கத்தரித்துக்கொண்டு வாருங்கள்.”

நரி முதலில் கத்தரித்துக்கொண்டது. பெருமையாகத் தூக்கிக்கொண்டு திரிந்த வால், எலி வால் மாதிரி ஆகிவிட்டது. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். “சிரியுங்கள், சிரியுங்கள். வால் மயிர் போனால் முளைக்கும்” என்றது நரி. போனது. நடுநடுங்கி, ஆனால் முழு நரியாகத் திரும்பி வந்தது. பிறகு காட்டாடு போனது. பிறகு கீரி போனது. எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

அடுத்து யோராமின் முறை வந்தது. எலிகள் பல்லைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன.

“எதற்கு?” என்று கேட்டான் யோராம்.

“கம்பளியை எடுக்கத்தான், அண்ணா” என்றாள் மில்காள்.

“என்ன பேச்சு பேசுகிறாய்? நான் மந்தைக்குத் தலைவன். மொட்டை உடம்போடு நடந்தால் நாளைக்கு எந்த ஆடு என் பின்னால் வரும்?”

“தண்ணீரோடு வந்தால் எல்லா ஆடும் வரும், அண்ணா.”

“லினன் நல்லது என்கிறாய். சரி. கம்பளி கெட்டதா? குளிரில் காப்பாற்றுவது எது? கம்பளிதானே? நல்லதோடு நல்லது சேர்ந்தால் இரட்டிப்பு நல்லதுதானே ஆகும்? உனக்குக் கணக்குத் தெரியாதா?”

“இது கணக்கு இல்லை, அண்ணா. வெயில்.”

சில்பாள் அவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “கேளுங்களேன். பங்குக்கு வருகிற ஒரு வாய்த் தண்ணீர் போதாமல் குட்டி நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. மயிர்தானே, வளர்ந்துவிடும்.”

“நீயும் இவர்களோடு சேர்ந்துகொண்டாயா?” என்று யோராம் காலால் தரையை உதைத்தான். “கொடு அந்த அங்கியை. மேலே போட்டுக்கொண்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தக் குருட்டுச் சிறுத்தைக்கு எப்படித் தெரியும்?”

மில்காள் அங்கியைக் கொடுக்காமல் நின்றாள். யோராம் கொம்பால் தட்டிப் பறித்துக்கொண்டான். கம்பளிக்கு மேல் அங்கி புடைத்துக்கொண்டு நின்றது. “எப்படி?” என்று ஒரு முறை திரும்பிக் காட்டினான். குடுக்கையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தான்.

பாதி வழியிலேயே உடம்பு புழுங்கியது. கம்பளிக்குள் வேர்வை ஊறி, வயிற்றின் வழியாக இறங்கியது. அங்கி என்னவோ மேலே சிலுசிலுவென்று காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. உடம்பைத் தொட்டால்தானே அது வேர்வையைக் குடிக்கும்? நடுவில்தான் கம்பளி நிற்கிறதே.

சந்தின் வாயில் யோராம் நின்றான். தொங்குகிற அந்தக் காலைப் பார்த்தான். இப்போது திரும்பிவிடலாமா என்று அவனுக்குத் தோன்றியது. திரும்பிப் போய் எலிகளுக்கு முன்னால் நிற்பதை நினைத்தான். நரி சிரிப்பதை நினைத்தான். ஓர் அடி உள்ளே வைத்தான்.

பயம் அவனைப் பிடித்துக்கொண்டது. கம்பளிக்குள் வேர்வை இன்னும் ஊற்றியது. அங்கியின் அடி விளிம்பு நனைந்தது. ஒரு சொட்டு பாறையில் விழுந்தது.

மேலே தொங்கிக்கொண்டிருந்த கால் மெல்ல உள்ளே இழுபட்டது.

யோராம் மூச்சைப் பிடித்தான். மூச்சைப் பிடித்தால் வேர்வை நிற்குமா?

“யார் அங்கே வேர்த்துக்கொண்டு நிற்பது?”

வெளியே புதருக்குள் எல்லாருக்கும் அந்தக் குரல் கேட்டது.

“கழற்றுங்கள்!” என்று சில்பாள் தன்னை மறந்து கத்தினாள். “ஐயோ, கழற்றுங்கள்!” அங்கியைச் சொன்னாளா, கம்பளியைச் சொன்னாளா, அவளுக்கே தெரியாது. கம்பளியை அந்த இடத்தில் எப்படிக் கழற்றுவது?

அதற்குப் பிறகு ஊற்று விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சிறுத்தை வயிறு நிறைந்து குறட்டை விடத் தொடங்கிய பிறகு, மில்காள் மட்டும் எழுந்தாள். உடுத்த ஒன்றும் இல்லாமலே, வயிறு தரையில் உரச ஊர்ந்து போனாள். அங்கி ஊற்றின் ஓரத்தில் கிடந்தது. பக்கத்தில் கம்பளி கொத்துக் கொத்தாகச் சிதறிக் கிடந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அங்கியைத் தண்ணீரில் அலசினாள். கறை போனது. ஒரு நூல்கூட அறவில்லை. அதை ஈரத்தோடு சுற்றிக்கொண்டு, உருண்டு கிடந்த குடுக்கையை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தாள்.

முதல் தண்ணீரைத் தன் குட்டிகளுக்குக் கொடுக்கவில்லை. யோராமின் குட்டிக்குக் கொடுத்தாள். அது குடித்துவிட்டு, “அப்பா எங்கே?” என்று கேட்டது. மில்காள் குடுக்கையை மறுபடியும் அதன் வாயில் சாய்த்தாள்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் சில்பாள் எலிகளின் வளைக்கு முன்னால் வந்து நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

“அக்கா, இன்றைக்கு உங்கள் முறை இல்லையே” என்றது ஓர் எலி.

“நேற்றைய முறை பாக்கி இருக்கிறது” என்றாள் சில்பாள். “முழுக்க எடுத்துவிடு. கழுத்தில்கூட விடாதே.”

எலிகள் கத்தரிக்கத் தொடங்கின. மில்காள் காய்ந்த அங்கியை உதறி எடுத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

நீதி: பெருமையைக் கழற்றாதவனை எந்த அங்கியும் காப்பாற்றாது.