தலை சீவிய ரத்தக்காட்டேரி

நடிகர் ரணதீரனுக்குக் கண்ணாடியைக் கண்டால் தலை சீவியே ஆக வேண்டும். ரத்தக்காட்டேரி வேஷத்திலும் அப்படித்தான். "என் உருவம் எந்தக் கண்ணாடியிலும் விழாது!" என்று கர்ஜித்தவர், அடுத்த காட்சியிலேயே கண்ணாடி முன் ஒய்யாரமாகச் சீவினார். பிரிவியூ ஷோவில் தியேட்டரே சிரித்தது.

ரணதீரன், உதவி இயக்குநர் செங்கமலத்தின் மேல் பாய்ந்தார். "ரிலீஸன்னைக்கு ஒருத்தன்கூட சிரிக்கக் கூடாது. என் முகத்தையும் வெட்டக் கூடாது. இல்லேன்னா உனக்கு வேலையில்ல!"

"ஆகட்டும் சார்" என்றவள், அந்தக் காட்சியில் மறைந்து நின்று பார்க்கும் கதாநாயகிக்கு டப்பிங்கில் ஒரே ஒரு வசனம் சேர்த்தாள்.

ரிலீஸன்று திரையில் அவர் சீப்பை எடுத்ததும் கதாநாயகியின் குரல் கேட்டது: "கண்ணாடியில தெரியுறானே! இவன் காட்டேரியே இல்ல, வெறும் வேஷக்காரன்!"

கைதட்டலில் தியேட்டர் அதிர்ந்தது.

"என்னைப் போலியாக்கிட்டியே!" என்று ரணதீரன் குதித்தார்.

"யாராவது சிரிச்சாங்களா சார்?" என்றாள் செங்கமலம்.