கொம்பை முறித்துக்கொண்ட தலைவர்

அந்தக் காலத்தில், மிருகங்களெல்லாம் நம்மைப் போலவே வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, மாயாற்றங்கரைப் புள்ளிமான்களுக்கு ஒரு சபை இருந்தது. ஆண்டின் முதல் மழை பெய்ததும் நெல்லிமரத்தடியில் சபை கூடும். யாருடைய கொம்பு பெரியதோ அவரே தலைவர். அப்போதெல்லாம் மான்கொம்பு உதிராது. வருடத்துக்கு ஒரு கிளை விட்டு வளர்ந்துகொண்டே போகும். ஆகவே ஒருமுறை தலைவரானவரை அப்புறம் யாராலும் முந்த முடியாது. இதில் ஒரு கோளாறு இருப்பதாக மான்களுக்குத் தோன்றவே இல்லை.

மருதையன் என்ற ஆண்மான் ஒன்பது வருடமாகத் தலைவர். பழம் தின்று கொட்டை போட்டவர். கோடையில் எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எந்தப் புதரில் சிறுத்தை படுத்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு சபையிலும், "எனக்குப் போதுஞ்சாமி, வேற யாரையாச்சும் பாருங்க" என்பார். "நீங்க இருக்கறப்ப நாங்க எதுக்குங்க யோசிக்கோணும்?" என்பார்கள் மற்றவர்கள். அவருக்கும் உச்சி குளிர்ந்துவிடும். "சரி, இந்த ஒரு வருசம்" என்பார். அந்த ஒரு வருடம்தான் ஒன்பது வருடமாக ஓடியது.

அவர் காலத்தில் ஒரு சட்டமும் வந்தது. அதற்கு முன்பு, ஆபத்தென்றால் எந்த மானும் முன்காலால் தரையைத் தட்டும், கூட்டம் ஓடும். சருகு விழுந்ததற்கெல்லாம் இளவட்டங்கள் தட்டி, கூட்டத்தை வீணாக ஓட வைத்தன. அதனால், 'தலைவர் மட்டுமே தட்டலாம், தலைவர் இல்லாத வேளையில் மட்டும் யாரும் தட்டலாம்' என்று சபை முடிவு செய்தது. எல்லோருக்கும் நிம்மதி. காதும் மூக்கும் இருந்தும் எதற்கும் தலைவர் முகத்தையே பார்த்துப் பழகிவிட்டார்கள்.

பத்தாவது கோடை வந்தது. ஒரு நண்பகலில் மருதையன் பின்கால்களில் எழும்பி, உயரமான முள்புதருக்குள் தலையை நீட்டிக் கொழுந்து தின்றார். தலையை எடுக்கப் பார்த்தால் முடியவில்லை. கிளைகிளையாக இருந்த கொம்பு கொடிகளில் வசமாகச் சிக்கிக்கொண்டது. முன்கால்களும் தரைக்கு எட்டாமல் தொங்கின.

அதே வேளையில் காற்று திரும்பியது. பவளாயி என்ற பெண்மானுக்குச் செந்நாய் வாடை அடித்தது. குட்டி ஈன்று எட்டே நாள். குட்டி அவள் வயிற்றோடு ஒட்டி நின்றது. பவளாயி காலைத் தூக்கினாள். தட்டாமல் இறக்கிவிட்டாள்.

"ஐயா, செந்நாய்ங்க! தட்டுங்க!"

"என்னால ஆகாது அம்மிணி. நீ தட்டு!"

"நானுங்களா? சட்டமிருக்குதுங்களே..."

"சட்டங் கெடக்குது, தட்டு கண்ணு!"

அவள் மறுபடி காலைத் தூக்கினாள். தூக்கிய கால் தரையில் விழவில்லை. வாடை எல்லோருக்கும் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. அத்தனை கண்களும் புதருக்குள் சிக்கிக் கிடந்தவரையே பார்த்தன. தன் கூட்டத்தை இப்படி ஆக்கிவைத்தது யார் என்று மருதையனுக்கு அப்போதுதான் உறைத்தது. கொடிகளையும் சேர்த்து இழுத்து, புதரை ஒட்டி நின்ற வேங்கை மரத்தில் மண்டையை ஓங்கி மோதினார். ஒரு கொம்பு முறிந்தது. மறுபடி மோதினார். மற்றதும் போனது. ரத்தம் கண்ணில் வழிய வெளியே வந்து விழுந்தார்.

"பாத்துக்கோங்க! எந்தலையில ஒண்ணுமில்லை. நான் இப்ப தலைவனில்லை. தலைவனே இல்லாதப்ப யார் வேணுன்னாலும் தட்டலாம்!"

பவளாயி தட்டினாள். கூட்டம் பாய்ந்தது. குட்டி உட்பட ஒன்று குறையாமல் ஆற்றைக் கடந்தார்கள். கொம்பின் பாரம் போன மருதையனும் குட்டிக்குச் சமமாக ஓடினார்.

அக்கரையில் பவளாயி அவர் தலைப்புண்ணை நக்கிவிட்டாள். "ஒம்பது வருசம் எங்களைக் காப்பாத்துனீங்க. ஒரு நாளும் நாங்க நன்றி சொன்னதில்லீங்க. எங்குட்டி இன்னைக்கு உங்களாலதான் உசுரோட இருக்குதுங்க."

மருதையனுக்கு அழுகை வந்துவிட்டது. "தட்டுனது நீதான் அம்மிணி. இத்தனை வருசமா உன்ற காலையும் நானே வாங்கி வெச்சிருந்தேன், அவ்வளவுதான்."

அந்த மழைக்குச் சபை கூடியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். தலைவரானாலும் மற்றவரானாலும் எந்த மானின் கொம்பும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்க வேண்டும்; வலியில்லாமல் தானாக விழுந்துவிட வேண்டும். சபை ஒப்புக்கொண்டு வனத்தாயிடம் வேண்டியது. அவளும் அருளினாள். அடுத்த தலைவரின் கொம்பு வருட முடிவில் ஒரு சொட்டு ரத்தமில்லாமல் விழுந்தது. கூட்டமே வரிசையில் வந்து அந்தக் கொம்பை நக்கியது.

அன்று முதல்தான் மான்கொம்பு ஆண்டுதோறும் உதிர்கிறது. வாடை பிடித்த எந்த மானும் தானே தரையைத் தட்டுகிறது. உதிர்ந்து கிடக்கும் கொம்பைக் கண்டால் இன்றைக்கும் மான்கள் நின்று நக்குகின்றன. சுண்ணாம்புச் சத்துக்காக என்பார்கள் படித்தவர்கள். இருக்கட்டும். பேச்சை இழந்துவிட்ட பிராணிகள் வேறு எப்படித்தான் நன்றி சொல்லும்?