பதினாறு விரற்கடைச் செருப்பு

மருதங்குடியை ஆண்ட வில்லவராயருக்கு எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். பார்த்துவிட்டால் பிறகு யார் சொன்னாலும் கேட்கமாட்டார். இது அரண்மனைக் கணக்கு ஓலைகளைப் பார்க்கும் ஓலைநாயகம் சிங்கப்பெருமாளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆண்டு மழை ஓய்ந்ததும் நாட்டில் காய்ச்சல் பரவியது. ஒரு காலையில் சிங்கப்பெருமாள் சபை நடுவே பதினாறு கொட்டாங்குச்சிகளை இரண்டு வரிசையாக அடுக்கினார். எட்டு ஊர், ஊருக்கு இரண்டு. முதல் வரிசையில், அந்தந்த ஊரில் காய்ச்சலில் படுத்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை புளியங்கொட்டை. அடுத்த வரிசையில், அங்கே தங்கியிருக்கும் மருத்துவச்சிகள் எத்தனை பேரோ அத்தனை.

மேலக்காட்டில் காய்ச்சல் எட்டுப் பேருக்கு, மருத்துவச்சி ஒருத்தி. தாழையூரில் காய்ச்சல் நாற்பது பேருக்கு, மருத்துவச்சிகள் நால்வர். மற்ற ஊர்களிலும் இதே கதைதான். அது ஏறிய இடத்தில் இதுவும் ஏறியிருந்தது.

"மருத்துவச்சிகள் போகிற ஊரெல்லாம் காய்ச்சல் பெருகுகிறது அரசே. அதைச் சுமந்துகொண்டு போவதே அவர்கள்தான்" என்றார் சிங்கப்பெருமாள்.

அவருக்கு மருத்துவச்சிகளின் தலைவி சொக்கியின் மேல் பழைய கோபம். போன கோடையில் அவர் வயிற்றுவலி என்று துடித்தபோது, ஒரே மூச்சில் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தின்றால் வேறு என்ன வரும் என்று சொக்கி நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள்.

அரசர் இரண்டு வரிசைகளையும் குனிந்து குனிந்து பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவச்சிகள் எல்லாரும் நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

"நாங்கள் போய்விட்டால் தாழையூரில் கஞ்சி ஊட்டக்கூட ஆள் இல்லை சாமி" என்றாள் சபை ஓரத்தில் நின்ற சொக்கி. அதற்குமேல் அவளைப் பேசவிடாமல் காவலர்கள் வெளியே அழைத்துப் போனார்கள்.

சபையில் இருந்த விகடகவி ஆவுடையானுக்கு மனம் கேட்கவில்லை. அரசரிடம் கேலி பேசும் உரிமை அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. ஆனால் அன்று கேலியும் வரவில்லை. இது தவறு என்று மட்டும் சொன்னான். அரசர் கொட்டாங்குச்சிகளைக் காட்டி, இதை மறுக்க உம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

வெளியே வந்தவன் கால் போன போக்கில் நடந்தான். அரண்மனைப் பள்ளிக்கூடம் அப்போதுதான் விட்டிருந்தது. பிள்ளைகள் எழுதிப் பழகிய மணல் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு எழுத்து வரிசைக்குப் பக்கத்திலும் எழுதிய பிள்ளையின் காலடித் தடம். கோணல்மாணலான எழுத்துக்குப் பக்கத்தில் சின்னத் தடம். முத்துமுத்தான எழுத்துக்குப் பக்கத்தில் பெரிய தடம். ஆவுடையான் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தான். நேரே செருப்புத் தைப்பவரின் வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை வந்தது. மருத்துவச்சிகள் மூட்டை முடிச்சோடு சபையின் ஓரத்தில் நின்றார்கள். ஆவுடையான் பழைய கொட்டாங்குச்சிகளுக்குப் பக்கத்தில் புதிதாகப் பதினெட்டை அடுக்கினான். பள்ளியில் ஒன்பது பிள்ளைகள். ஒரு வரிசையில் பாதத்தின் நீளம், விரற்கடைக்கு ஒரு கொட்டை. மறு வரிசையில் தட்டுத்தடுமாறாமல் படிக்கும் வரிகள், வரிக்கு ஒரு கொட்டை.

"நீங்களே எண்ணிப் பாருங்கள் அரசே."

அரசர் எண்ணினார். எட்டு விரற்கடைப் பாதம், இரண்டு வரி. பதின்மூன்று விரற்கடைப் பாதம், முப்பது வரி. இடையிலும் அது ஏற ஏற இது ஏறியது. இரண்டே வரி படிப்பது ஆறு வயது இளவரசன் என்பது எல்லாருக்கும் தெரியும். அது அரசருக்குப் பெரிய மனக்குறை.

"இனிக் கவலை வேண்டாம். இளவரசரின் படிப்புக்கு வழி செய்துவிட்டேன்" என்றான் ஆவுடையான்.

கதவு திறந்தது. சரக், சரக் என்று சத்தம். முறம் போன்ற இரண்டு செருப்புகளைக் காலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு இளவரசன் வந்தான். அவனுக்கு ஒரே குஷி. ஓலையைக் கொடுத்தார்கள். இரண்டு வரி படித்தான். மூன்றாவது வரியில் திக்கி நின்றான்.

அரசருக்குக் கோபம் வந்தது. "உமக்கென்ன பைத்தியமா? செருப்புப் போட்டால் படிப்பு வருமா?"

"செருப்பை விடுங்கள். கால் பெரிதானால் படிப்பு வருகிறதே. கொட்டாங்குச்சி சொல்கிறது."

"கால் பெரிதானால் எப்படி ஐயா படிப்பு வரும்? வயது ஏறுகிறது. வயதோடு காலும் வளர்கிறது, படிப்பும் வளர்கிறது."

"ஆனால் இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றனவே அரசே."

"சேர்ந்து ஏறினால் ஒன்றுதான் மற்றதை ஏற்றிவிட்டது என்று ஆகிவிடுமா?"

சொல்லி முடித்த அரசர் அப்படியே நின்றார். அவர் கண் மெல்ல அந்தப் பழைய பதினாறு கொட்டாங்குச்சிகளின் பக்கம் திரும்பியது. சொக்கியை அருகே அழைத்தார்.

"நீங்கள் ஓர் ஊருக்குள் எப்போது போவீர்கள்?"

"காய்ச்சல் கண்ட வீட்டுக்காரர்கள் ஊர் எல்லையில் வேப்பங்கொத்துக் கட்டுவார்கள் சாமி. படுத்தவர் ஒருவருக்கு ஒரு கொத்து. கொத்தை எண்ணித்தான் உள்ளே போவோம். பத்துக் கொத்துக்கு ஒருத்தி, அதற்குக் குறைந்தாலும் ஒருத்தி. கொத்து இல்லாத ஊருக்குள் நாங்கள் கால் வைப்பதில்லை."

"அப்படியானால் முதலில் வந்தது காய்ச்சல். அதைப் பார்த்துத்தான் நீங்கள் போனீர்கள்" என்றார் அரசர், தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல. உத்தரவு அந்தக் கணமே ரத்தானது. மருத்துவச்சிகள் தாழையூருக்குப் போக அரண்மனை வண்டியையே பூட்டச் சொன்னார். ஆவுடையானின் தோளில் தம் பட்டுச் சால்வையைப் போட்டார்.

இளவரசன் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தான். கயிற்றை அவிழ்த்து அதைக் கையில் எடுத்துப் பார்த்த அரசர் வியந்துபோனார்.

"இத்தனை பெரிய செருப்பை யார் அளவுக்குத் தைக்கச் சொன்னீர்?"

"சபையிலேயே மிகப் பெரிய பாதம் யாருடையதோ அவர் அளவுக்கு. பதினாறு விரற்கடை."

எல்லார் பார்வையும் ஓர் இடத்துக்குப் போனது. சிங்கப்பெருமாள் தம் இரண்டு கால்களையும் மெதுவாக வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு செருப்பை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"போட்டுக்கொள்ளும், ஓலைநாயகமே. கொட்டைக் கணக்குப்படி இந்த நாட்டிலேயே பெரிய படிப்பாளி நீர்தான்."