வியாழக்கிழமை எண்ணெய் தேய்க்காத புஷ்

மாவடிப்பட்டி அப்பளக் கம்பெனியில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் எல்லாம் புதுசு மாதிரியே இருந்தது. ஃபோர்மேன் சொரிமுத்துவிடம் கொஞ்சம் கூடுதல் புதுசு. அவருக்குக் கீழே பண்டாரம், கைலாசம் என்று இரண்டு பேர்.

மாவை உருட்டும் மெஷினில் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு சுற்றுகிற இடத்தில், அதைத் தாங்கும் வளையமாகப் பித்தளை புஷ் போட்டிருந்தார்கள். அதற்கு விடும் எண்ணெய் சொட்டிச் சொட்டி அப்பளத்துக்கெல்லாம் கறுப்புப் பொட்டு. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டார். முதலாளி உலகம்மை, பிளாஸ்டிக் புஷ் வாங்கி மாட்டச் சொன்னார். இந்தத் தடவையும் பொட்டு விழுந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். சொரிமுத்து அன்றைக்கே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார்.

திருநெல்வேலிக் கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். ஷாஃப்டுக்குப் பொருத்தம் பார்த்துத்தான் புஷ் எடுக்க வேண்டும். மாட்டும்போது கொஞ்சம் லூசாக இருக்க வேண்டும். எண்ணெய் விடவே வேண்டாம், தானே போட்டுக்கொள்ளும். சொரிமுத்து ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொண்டார். அதுதான் வினையாகப் போயிற்று.

கடையிலிருந்த புஷ்ஷில் வகைக்கு ஒன்று வாங்கி வந்தார். ஷாஃப்டைக் கழற்றிக் குளிப்பாட்டி, சந்தனம் வைத்துப் பலகையில் கிடத்தினார்கள். புஷ்களைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்கள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே அண்ணாச்சி," என்றான் கைலாசம்.

"மாப்பிள்ளை என்னைக்குல பேசியிருக்கான்? அவன் அம்மால்லா பேசணும்," என்றார் சொரிமுத்து.

"இதுக்கு அம்மா யாரு?"

சொரிமுத்து நெடுநேரம் யோசித்து, மோட்டார் என்றார். சுவிட்சைப் போட்டதும் மோட்டார் "ம்ம்ம்" என்றது. அந்த நேரம் கையிலிருந்தது கறுப்பு புஷ். சம்பந்தம் முடிந்தது. தற்செயலாக, அளவிலும் கச்சிதமாகப் பொருந்தியது அதுதான்.

அடுத்தது, மாட்டும்போது யார் லூசாக இருப்பது என்ற பிரச்சினை.

"கொஞ்சம்னுதான் சொல்லியிருக்காரு," என்றான் பண்டாரம். "கைலாசம் ரொம்ப அதிகம். எனக்கு ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. அளவாவும் நிதானமாவும் இருக்கது நீங்கதான் அண்ணாச்சி."

சொரிமுத்து அடக்கத்தோடு ஒத்துக்கொண்டு, தானே மாட்டினார்.

பிறகு மெஷின் பக்கத்தில் எண்ணெய்க் குப்பியைத் திறந்து வைத்துவிட்டு, ஆள் பார்க்க எண்ணெய் போட்டுக்கொள்ள புஷ்ஷுக்குக் கூச்சமாக இருக்கும் என்று மூவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். திரும்பப் போய்ப் பார்த்தால் ஒரு சொட்டுக் குறையவில்லை. சொரிமுத்துக்கு வேலை கண்ணெதிரே போவது போலிருந்தது.

"இன்னைக்கு என்ன கிழமைல?" என்றார் கடைசியில்.

"வியாழன்."

"வியாழக்கிழமை எவனாவது எண்ணெய் தேய்ப்பானா?"

மூவருக்கும் உயிர் வந்தது. குப்பியை எடுத்து வைத்துவிட்டு மெஷினை ஓட்டினார்கள். சனிக்கிழமை வருவதற்குள் அதை அடியோடு மறந்துபோனது உலகம்மை செய்த புண்ணியம். அப்பளம் வெள்ளை வெளேரென்று விழுந்தது. சமையல்காரர் வாயைத் திறக்காமல் சரக்கை எடுத்துக்கொண்டார்.

ஆனால் சொரிமுத்துக்கு நிம்மதி போயிற்று. இத்தனை வருஷமாக மெஷினின் கிரீச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தவர் அவர். சத்தம் நின்றால்தான் எழுந்து பார்ப்பார். இப்போது சத்தமே இல்லை. மெஷின் நின்றுவிட்டது என்று நொடிக்கொரு தரம் பதறி விழித்தார். கடைசியில் பண்டாரத்தை ஒரு ஸ்டூல் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார வைத்து, ஓடுகிற வரைக்கும் "கிரீச், கிரீச்" என்று சொல்லிக்கொண்டிருக்கச் சொன்னார். அதன் பிறகுதான் தூக்கம் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் உலகம்மை போன் செய்தார். பேச்சுக்குப் பின்னால் கிரீச் சத்தம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"இன்னும் அந்தப் பழசுதானா கத்துது? அதைத் தூக்கிட்டு உடனே புதுசைப் போடும்," என்று வைத்துவிட்டார்.

சொரிமுத்து தாமதிக்கவில்லை. பண்டாரத்தை இரண்டு கையாலும் அலாக்காகத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கைலாசத்தை உட்கார வைத்தார். கைலாசம் முதலில் கொஞ்சம் கரகரத்தான். புதுசு அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, சொரிமுத்து கண்ணை மூடினார்.