இலை எடுக்க ஆள் வராத பந்தி

சீடருக்கு வயது அறுபத்தொன்று, குருவுக்கு நாற்பத்துமூன்று. உலகம் தலைகீழாகிவிட்டது என்று யாராவது வருத்தப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

சீடர் சிவசைலம் பெயர்பெற்ற நரம்பு மருத்துவர். தசைகளை அசைக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் ஒன்று உண்டு. அதை எத்தனையோ பேரிடம் கண்டறிந்து சொன்னவர் அவர். கடைசியில் அது அவருடைய வலது கைக்கே வந்தது. மருத்துவமனையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, பேராசிரியை மங்கையர்க்கரசியின் ஆய்வுக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். கை முழுதாக ஓய்வதற்குள் இந்த நோயை ஒருமுறையாவது தோற்கடித்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நோயூட்டிய நூல்புழுக்களை வளர்த்தார். கோணலாக மடிந்த புரதம் அவற்றின் நரம்புகளுக்குள் கட்டி கட்டியாகச் சேர்ந்தது. மடிப்பு எங்கே கோணுகிறது என்று தேடித் தேடித் திருத்தப் பார்த்தார். புழுக்கள் அசைவற்றுக் கிடந்தன.

“கோணல் புரதம் எல்லாச் செல்லுலயும்தான் உருவாகுது மேடம். இந்த நரம்பு மட்டும் ஏன் சாகணும்?”

“இன்னைக்கு நம்ம டெக்னீஷியன் கல்யாணம். கிளம்புங்க, சாப்பிடலாம்” என்றார் குரு.

மண்டபத்தில் முதல் பந்தி முடிந்திருந்தது. இலை எடுக்க வேண்டியவர்கள் வந்த வேன் வழியில் நின்றுவிட்டதாம். எச்சில் இலைகள் அப்படியே கிடந்தன. பசியோடு வந்தவர்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். சாம்பார் வாளிக்காரர் உள்ளே நுழைய வழியில்லாமல் வாசலோடு நின்றார். மாப்பிள்ளையின் மாமா சமையல்காரரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

“சமையல்ல என்ன குறை டாக்டர்?”

“ஒரு குறையும் இல்லை. வாசனையே சொல்லுதே.”

“அப்புறம் ஏன் இத்தனை பேர் பட்டினி?”

சிவசைலம் இலைகளைப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் அவர் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் குரு பதில் சொன்னார்.

“மத்த செல் ரெண்டாப் பிரியும்போது குப்பையும் பங்காப் போயிடும். இந்த நரம்பு பிரியாது. முதுகுத்தண்டுல இருந்து கால்விரல் வரைக்கும் நீளம் வேற. ஆயுசுக்கும் ஒரே மண்டபம்.”

சொல்லிவிட்டு, பட்டுப்புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, யாரோ சாப்பிட்ட இலையை மடித்து எடுக்க ஆரம்பித்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஒரு பேராசிரியை எச்சில் இலை எடுப்பதா? சிவசைலம் யோசிக்கவில்லை. இடது கையால் கூடையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அடுத்த பந்தி உட்கார்ந்தது, மாமா உட்பட.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்ததும் சிவசைலம் மடிப்பைத் திருத்தும் வேலையை விட்டார். கெட்ட புரதத்தைப் பிடித்து வெட்டி அப்புறப்படுத்த ஒவ்வொரு செல்லும் தனக்கென்று ஆட்கள் வைத்திருக்கிறது. சோர்ந்து கிடந்த அந்த ஆட்களுக்கு வலுவூட்டினார்.

ஒரு காலையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர் அப்படியே எழுந்துவிட்டார். புழுக்கள் நெளிந்தன. நெளிந்து நீந்தின. கூடம் முழுக்க ஓடி வந்தது. அத்தனை பெரிய மருத்துவர் எல்லோர் முன்னாலும் அழுதார், சிரித்தார், பார்த்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த நோய் தோற்றதை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகப் பார்க்கிறார், அழாமல் என்ன செய்வார்?

ஆரவாரம் அடங்கியதும் கேட்டார்.

“இது என் கைக்கு வந்து சேருமா மேடம்?”

குரு பொய் சொல்லவில்லை. “புழுவுக்கும் மனுஷனுக்கும் ரொம்ப தூரம் டாக்டர். உங்களுக்குக் காலம் போதாது.”

“தெரியும். உங்க வாயால கேட்கணும்னு தோணுச்சு.”

சிரித்துக்கொண்டே, அடுத்த புழுத் தட்டைத் தயார்செய்ய, துளியளந்து விடும் பிப்பெட்டை எடுத்தார். விரல்கள் மூடவில்லை. அது நழுவி மேசையில் உருண்டது.

குரு அதை எடுத்துக்கொண்டார். மாணவர்களுக்கான ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கைக்கு நான் இருக்கேன். அடுத்து என்ன செய்யணும், சொல்லுங்க.”