துருவத்திலிருந்து வந்த சூடு

“துருவத்துலதானே விழுது மேடம்? நமக்கு என்ன?” என்று கேட்டார் லூர்துராஜ்.

அவர் சீடர். வயது ஐம்பத்தைந்து. கப்பலில் ரேடியோ அதிகாரியாக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். குரு தாட்சாயணிக்கு நாற்பது.

சூரியன் சீறி உமிழ்ந்த மின்துகள்கள் அன்று காலை முதல் இரு துருவங்களின் மேல்வானத்திலும் கொட்டிக்கொண்டிருந்தன.

லூர்துராஜ் வருடக்கணக்காக உழைத்துச் செய்த சின்னச் செயற்கைக்கோள் போன வாரம்தான் மேலே போயிருந்தது. செருப்புப் பெட்டி அளவு. அதை அவர் ‘பெட்டி’ என்றே சொல்வார். பூமத்திய ரேகையை ஒட்டி, தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“துகள் இங்க வராது சார். பூமியோட காந்தம் அதை அங்கேயே கட்டி வச்சிருக்கு.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“அது சூடாக்கின காத்தை யாரு கட்டி வச்சிருக்கா?”

லூர்துராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

சூடான காற்று உப்பும். உப்பியது பரவும். மதியத்துக்குள் பெட்டியின் பாதைக்கே வந்துவிடும். வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடுகளை இறக்கையாக விரித்துக்கொண்டு போகிற பெட்டியை மறித்துக் கீழே இறக்கிவிடும்.

“என்ன செய்யலாம் மேடம்?”

தாட்சாயணி ஒரு வெள்ளைத்தாளை அவரிடம் நீட்டினார். மேசை விசிறியை முழு வேகத்தில் வைத்தார்.

“பிடிங்க.”

தாள் வளைந்து படபடத்தது. கிழிந்துவிடும்போல் இருந்தது. லூர்துராஜ் மெல்ல அதைத் திருப்பினார். அதன் விளிம்பு விசிறியைப் பார்த்ததும் தாள் அடங்கியது.

அவர் தாளைக் கீழே வைத்தார்.

“இறக்கையை இப்படித் திருப்பினா வெயில் சரியா விழாதே. பேட்டரி இறங்கிடும். என் கையாலேயே பட்டினி போடணுமா?”

குரு கட்டளை அனுப்பும் கணினியின் முன்னால் இருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

பெட்டி தலைக்கு மேல் வந்தபோது லூர்துராஜே கட்டளையை அனுப்பினார். பெட்டி பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது.

அடுத்த சுற்றில் பேட்டரி பாதிதான் இருந்தது.

அதற்கடுத்த சுற்றில் பெட்டி பேசவே இல்லை.

லூர்துராஜின் விரல் விசைப்பலகைக்குப் போனது. “போதும் மேடம். வெயிலுக்குத் திருப்பிடறேன்.”

“பெட்டி கேட்டுச்சா?”

“என்னது?”

“திருப்பச் சொல்லி.”

“அது எப்படிக் கேக்கும்?”

“அப்ப, யாருக்குப் பொறுக்கலை?”

விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது.

அறையில் ரேடியோவின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லூர்துராஜ் கண்ணை மூடி அதையே கேட்டார். கப்பலில் பல வருடம் கேட்ட இரைச்சல்தான். அதற்குள் குரல் இருந்தால் அவருக்குத் தெரியாமல் போகாது. இருக்கவில்லை.

சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“கீழே இறங்கினது வேகமாச் சுத்தும்! அது முன்னாலேயே வந்துட்டுப் போயிருக்கு. நாமதான் ஆன்டெனாவை லேட்டாத் திருப்பியிருக்கோம்.”

தாட்சாயணி தலையசைத்தார்.

இந்த முறை ஆன்டெனா முன்கூட்டியே மேற்கு அடிவானத்தைப் பார்த்துக் காத்திருந்தது.

இரைச்சல். மறுபடியும் இரைச்சல்.

அதன் அடியிலிருந்து, தேய்ந்து, ஒரு கீச்சொலி.

பெட்டி தாழ்ந்திருந்தது. விழவில்லை. பேட்டரி கிட்டத்தட்டக் காலியாகியிருந்தது. மேலே காற்றும் தணியத் தொடங்கியிருந்தது.

“இப்பத் திருப்புங்க சார்” என்றார் தாட்சாயணி.

லூர்துராஜ் கட்டளையை அனுப்பினார். இறக்கைகள் வெயிலுக்குத் திரும்பின. அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நான் செத்துச் செத்துப் பிழைச்சேன். உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் ஒண்ணுமே ஆகலை?”

தாட்சாயணி மூடியிருந்த கையை விரித்துக் காட்டினார்.

உள்ளங்கையில் நகம் பதிந்து, நான்கு இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது.