கிளி கவ்விய ஓலை

கோடையிடி வர்மன் என்றொரு ராஜா. அவன் தும்மினால் கோட்டைக் கொடி திசை மாறிப் பறக்கும். நம்பாதவர்கள் கொடியைக் கேட்டுக்கொள்ளலாம். அப்பேர்ப்பட்டவனுக்கே ஆறு மாதத்துக்கு நெய் கூடாது என்று சொல்லிவிட்டார் வைத்தியர். பந்தியில் மகாராணியே காவல்.

ஒருநாள் மகாராணியின் நோன்புக்கு நெய்யில் சுட்டு வைத்த அதிரசம் அண்டாவோடு காலி!

"கூப்பிடு கிளியை!" என்றான் ராஜா.

அது அந்த ஊர் வழக்கம். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் தங்கள் பெயர் எழுதிய ஓலையைக் கண்ணில் ஒற்றிக் கொடுக்க வேண்டும். ஜோசியர் சுக்கிராண்டியின் கிளி யாருடைய ஓலையைக் கவ்வுகிறதோ அவன்தான் திருடன்.

சமையல்காரர் நல்லபெருமாள், காவல்காரன், பண்டசாலைக்காரன், தண்ணீர் எடுப்பவள் என்று நாலு ஓலை. கிளி நல்லபெருமாளின் ஓலையைக் கவ்வியது.

"மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, நாட்டை விட்டே துரத்துங்கள். சீக்கிரம்!"

"ஐயோ, ஆறு பெண்ணைப் பெற்றவன் மகாராஜா!" என்று விழுந்தார் நல்லபெருமாள்.

சபை விகடகவி அம்பலத்தாடிக்கு அந்தச் 'சீக்கிரம்' உறுத்தியது. குளிக்கவே மத்தியானம் வரை யோசிக்கிற ராஜா ஆயிற்றே இவன்!

"மகாராஜா, கிளிக்கு ஒன்றும் தெரியாது என்றே முதலில் வைத்துக்கொள்வோம்."

"என் கிளிக்கா!" சுக்கிராண்டி துள்ளினார்.

"கோபிக்காதீர் ஜோசியரே. ஒன்றும் தெரியாத கோழிகூட நாலில் ஒன்றைக் கவ்வத்தான் செய்யும். குலுக்கிக் குலுக்கிப் போடுவோம். தொடர்ந்து ஐந்து தடவை அதே ஓலை வந்தால், தெரியாது என்ற என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். கணக்கை இப்போதே பேசிவிட்டோம். பிறகு ஆறு என்று நானும் இழுக்கமாட்டேன், மூன்று போதும் என்று நீரும் குறைக்கக் கூடாது."

குலுக்கினார்கள். ஐந்து தடவையும் நல்லபெருமாள்தான்!

"இப்போது என்ன சொல்கிறீர்?" சுக்கிராண்டி மீசையை முறுக்கினார்.

"வாபஸ். இது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை, கிளிக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. ஆனால் தெரிந்தது திருட்டுத்தானா? ஜோசியரே, கிளிக்கு என்ன தீனி?"

"நெய்ச்சோறு. வேறு எதையும் அது தொடாது."

அம்பலத்தாடி சமையல்காரரின் கையை மோந்து பார்த்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னார். எல்லோருக்கும் புது ஓலை வந்தது.

"கூடவே, திருடவே முடியாத ஒருவர் ஓலையும் வேண்டும். மகாராஜாவுடையது."

"என்னுடையது எதற்கு?" ராஜா நெளிந்தான்.

"ஒற்றிக் கொடுங்களேன், என்ன குறைந்துவிடும்?" என்றாள் மகாராணி.

ராஜா ஒற்றிக் கொடுத்தான். கிளி சமையல்காரரின் ஓலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே ஓடி ராஜாவின் ஓலையைக் கவ்வியது. விடவும் மாட்டேன் என்றது. குலுக்கிப் போட்டார்கள். மறுபடியும் ராஜாதான்!

ராஜா இடிஇடியென்று சிரித்தான். "பார்த்தீர்களா! இந்தக் கிளிக்குத் திருடனைத் தெரியாது, நெய்தான் தெரியும்! நல்லபெருமாள், போய் அடுப்பைப் பற்றவையும்! நீர் நிரபராதி!"

நல்லபெருமாள் ஓடியே போனார். சபை கை தட்டியது. மகாராணி மட்டும் தட்டவில்லை. கிளி வாயிலிருந்த ஓலையைப் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு ராஜாவின் விரல்களையே பார்த்தாள்.

ராஜா அவசரமாகக் கழுத்து முத்துமாலையைக் கழற்றினான். "அம்பலத்தாடி, இந்தாரும் பரிசு! வாங்கிக்கொண்டு வாயை மூடும்!"

அம்பலத்தாடி மாலையைப் போட்டுக்கொண்டு கும்பிட்டார்.

"என் வாயை மூடியாயிற்று மகாராஜா. மகாராணியின் மூக்கை மூட எத்தனை மாலை வைத்திருக்கிறீர்கள்?"